வாய் திறந்தால் வலி!

காது, பல், தலை என்று தேடி அலைந்த பிறகே தாடை மூட்டு நினைவுக்கு வருகிறது. கண்டுபிடித்த பிறகாவது நிதானமாக இருக்கிறோமா?

காலை ஆறரை மணி. வாஷ்பேசின் முன்னால் நிற்கிறார் ஓர் ஆசிரியை. வயது முப்பத்தைந்து இருக்கும். வாயைத் திறந்து பிரஷ்ஷை உள்ளே விடப் பார்க்கிறார். முன்பற்களைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் திறக்கப் பார்த்தால் வலது காதுக்கு முன்னால் சுரீரென்று குத்துகிறது. கண்ணாடியில் உற்றுப் பார்க்கிறார். கீழ்த்தாடை நேராக இறங்காமல் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

சாப்பிடும்போதும் கொட்டாவி விடும்போதும் அதே இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கே கேட்கும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அந்தச் சத்தம் நின்றிருந்தது. “அப்பாடா, விட்டுச்சு” என்ற நிம்மதியோடுதான் படுத்தார். விடிந்து பார்த்தால் வாய் பூட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே அவர் ஏறி இறங்கிய படிகள் ஏராளம். காது வலிக்கிறது என்று இ.என்.டி. டாக்டரிடம் போனார். காது சுத்தமாக இருந்தது. நெற்றிப்பொட்டில் வலி என்று ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட் நார்மல். கடைவாய்ப் பல்லாக இருக்கலாம் என்று வேர் சிகிச்சை செய்தார். வலி போகவில்லை என்றதும் அந்தப் பல்லையே பிடுங்கிவிட்டார்கள். பல் போனது, வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இது ஒரு தனி மனுஷியின் கதை அல்ல. தாடை மூட்டு வலியோடு பல் மருத்துவமனைகளுக்கு வருகிற பலரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம். ஏறிய படிகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும், அலைச்சல் மாறாது. இந்த வலிகளில் பெரும்பாலானவை எளிய சிகிச்சைக்கே அடங்கிவிடும். திரும்பப் பெற முடியாத சிகிச்சையில் முதலிலேயே இறங்கினால்தான் விபரீதம். அதே சமயம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத தாடைப் பிரச்னைகளும் உண்டு. எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

காதுக்கு முன்னால் ஒரு மூட்டு

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்கு ஒரு விரற்கடை முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு முன்னால் நகர்வது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் தலைதான் அது. மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தலைக்கும் குழிக்கும் நடுவில் நார்த்தன்மை கொண்ட ஒரு தட்டு இருக்கிறது. எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது இதன் வேலை.

வாயைத் திறக்கத் தொடங்கும்போது எலும்பின் தலை இருந்த இடத்திலேயே சுழலும். இன்னும் பெரிதாகத் திறந்தால் குழியை விட்டு முன்னால் சறுக்கி வரும். உடலில் சுழல்வதையும் சறுக்குவதையும் இவ்வளவு தாராளமாகச் செய்கிற மூட்டுகள் குறைவு. போதாததற்கு, வலதும் இடதும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒரு பக்கம் தகராறு செய்தால் மறுபக்கமும் நிம்மதியாக இருக்க முடியாது.

இதை இயக்குபவை கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தாடைக்கு உட்புறத்திலும் உள்ள மெல்லும் தசைகள். பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டால் கட்டியாகப் புடைப்பது அவற்றில் ஒன்று. மூட்டுக்கும் இந்தத் தசைகளுக்கும் பற்களுக்கும் உணர்ச்சி தருவது முகத்தின் பெரிய நரம்பான முக்கிளை நரம்பு. அதன் ஒரு கிளை மூட்டுக்கும் காதின் வெளிப்பகுதிக்கும் சேர்த்தே போகிறது. மூட்டில் பிறந்த வலி காதில் தெரிவதும், தசையில் பிறந்த வலி பல்லில் தெரிவதும் இதனால்தான். நோயாளி பொய் சொல்வதில்லை. வலி உணரப்படும் இடமும் பிறக்கும் இடமும் வேறாக இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

• ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். வலியில்லாமல் நுழைந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது. பெரியவர்களுக்கு இது சுமார் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல்.
• கண்ணாடி முன்னால் மெதுவாக வாயைத் திறவுங்கள். தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள்.
• கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டையும் மெதுவாக அழுத்துங்கள். உங்களுக்குப் பழக்கமான அதே வலி கிளம்பினால், அது தசையிலிருந்து வருவதாக இருக்கலாம்.
• காலையில் எழும்போது தாடை இறுகி இருக்கிறதா? நீங்கள் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் யாராவது சொன்னது உண்டா?

இவை நோயைத் தீர்மானிக்கும் சோதனைகள் அல்ல. டாக்டரிடம் சரியாக விவரம் சொல்வதற்கு உதவும் குறிப்புகள்.

சத்தம் கேட்டாலே நோயா?

நார்த்தட்டு தன் இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுவது உண்டு. அப்போது வாயைத் திறந்தால், நழுவிப்போன செருப்பைக் கால் நீட்டி மாட்டிக்கொள்வதுபோல, எலும்பின் தலை முன்னால் போய்த் தட்டின் அடியில் மறுபடி நுழைகிறது. அந்த நொடியில் கேட்பதுதான் ‘டக்’. வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் இந்தச் சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலேயே, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு நகர்ந்திருந்தது. படத்தில் தெரிவதையெல்லாம் சரிசெய்யப் புறப்பட்டால் நலமாக இருப்பவர்களையும் நோயாளியாக்கிவிடுவோம்.

கவனிக்க வேண்டியது அந்த ஆசிரியைக்கு நேர்ந்ததைத்தான். பழகிய சத்தம் திடீரென்று நின்று, வாயும் திறக்காமல் போனால், தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டது என்று பொருள். இதற்கு ஒரு வாரத்துக்குள் நிபுணரைப் பார்ப்பது நல்லது. ஆரம்பத்திலேயே வந்தால் கையாலேயே விடுவிக்கவோ பயிற்சியில் சரிசெய்யவோ வாய்ப்பு அதிகம்.

தாடை வலிக்காக வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறு தட்டில் இல்லை, தசையில். சிலருக்கு மூட்டுத் தேய்மானம். சிலருக்கு முடக்குவாதம் தாடை மூட்டையும் தொட்டிருக்கும். மூன்றும் கலந்தும் வரும். இதையெல்லாம் ஒழுங்காகப் பிரித்தறிய 2014-ல் உலக அளவில் ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. அதில் முதலிடம் விவரம் கேட்பதற்கும் விரலால் தொட்டுப் பார்ப்பதற்கும்தான். ஸ்கேன் அதற்குப் பின்னால் வருகிறது.

ஏன் வருகிறது?

ஓய்வாக இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. உதடு மூடியிருக்கும், பற்களுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இதுதான் இயற்கை நிலை. ஆனால் டிராஃபிக்கில், கம்ப்யூட்டர் முன்னால், கோபத்தை அடக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது என்று பகல் முழுக்கப் பல்லைக் கடித்தபடி இருப்பவர்கள் ஏராளம். தங்களுக்கே அது தெரியாது. பலமாகக் கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. லேசாகப் பல்லோடு பல் ஒட்டியே இருந்தாலும் மணிக்கணக்கில் தசைக்கு ஓய்வு கிடைக்காது.

அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது ‘ஓப்பெரா’ என்ற ஆய்வு. எல்லோரும் 18 முதல் 44 வயதுக்குள் இருந்தவர்கள். ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தாடை மூட்டு வலி வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், உடம்பில் ஏற்கெனவே வேறு வலிகள் இருந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், மன அழுத்தத்தில் இருந்தவர்கள், தாடையில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வலி வருவதற்கு முன்பே தூக்கத்தின் தரம் குறைந்துகொண்டு வந்தது முக்கியமான கண்டுபிடிப்பு. கழுத்துவலி, ஒற்றைத் தலைவலி, குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றோடு தாடை வலி கூட்டாக வருவதும் வழக்கம். சிகிச்சைக்கு வருகிறவர்களில் நடுத்தர வயதைத் தொடாத பெண்களே அதிகம்.

உடனடிக் காரணங்களும் உண்டு. கரும்பை இழுத்துக் கடித்தது, பெரிய கொட்டாவி, ஞானப்பல் எடுக்கவும் வேர் சிகிச்சைக்கும் நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்தது, பைக்கில் விழுந்தது. மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் பல் கடிப்பைத் தூண்டுவதும் உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி இருக்கிறது.

பல் மேல் விழுந்த பழி

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டவர்களுக்குத் தாடை அதிகமாக மூடிக்கொள்கிறது, மூட்டு பின்னால் அழுத்துகிறது, காது வலியும் இரைச்சலும் வருகின்றன என்பது அவர் விளக்கம். ‘காஸ்டன் நோய்’ என்றே பெயர் வந்தது. அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் ‘கடி (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம்) சரியில்லை, அதனால்தான் வலி’ என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் பல தலைமுறைக்கு வேரூன்றியது.

விளைவு? நல்ல பற்களை ராவிக் கடியைச் சமப்படுத்தினார்கள். வாய் முழுக்க உறை போட்டார்கள். வலிக்காகவே கிளிப் போட்டார்கள். பல் வரிசை கொஞ்சமும் பிசகாதவர்களுக்குத் தாடை வலி வருகிறது, வரிசை கோணலாக இருப்பவர்களில் மிகப் பலர் வலியே அறியாமல் வாழ்கிறார்கள். இந்த உண்மை கண்முன்னால் இருந்தும் பற்கள் ராவப்பட்டன. ராவிய எனாமல் மறுபடி வளராது. வலி தீராதபோது, ‘கடி’ எங்கே உட்காருகிறது என்பதையே நாளெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் நிலைக்குச் சிலர் தள்ளப்பட்டார்கள்.

இதைவிடக் கசப்பான பாடம் 1980-களில் வந்தது. நகர்ந்துபோன நார்த்தட்டை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கைத் தட்டு வைக்கும் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் பரவியது. ஹூஸ்டன் நகரத்து விட்டெக் நிறுவனம் புரோபிளாஸ்ட்-டெஃப்லான் பொருளில் செய்த தட்டுக்கு 1983-ல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மெல்லும் அழுத்தத்தில் அந்தப் பொருள் தூள்தூளாக உதிர்ந்தது. துகள்களை எதிர்த்து உடல் போரிட்டதில் சுற்றியிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதிவரை துளை விழுந்தது. 1990-ல் நிறுவனம் திவாலானது. அந்த ஆண்டின் இறுதியில் எச்சரிக்கையும் அடுத்து திரும்பப் பெறும் நடவடிக்கையும் வந்தன. ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அறுவை சிகிச்சைகளுக்கு ஆளானார்கள். முதலில் அவர்கள் எதற்காக டாக்டரிடம் போனார்கள்? பலர் போனது, பொறுமையாக இருந்திருந்தால் தணிந்திருக்கக்கூடிய வலிக்காக.

வலி வாயோடு நிற்பதில்லை

தாடை வலி உயிரை எடுக்காது என்று சொல்லிவிடுவது சுலபம். அது எதையெல்லாம் எடுக்கிறது என்று பாருங்கள்.

முதலில் சாப்பாடு. சப்பாத்தி போகும், பரோட்டா போகும், முறுக்கும் கடலை மிட்டாயும் போகும், கறி போகும். குழைந்த சாதமும் ரசமும் இட்லியும்தான் மிச்சம். கூடவே உடம்பு இளைக்கும், புரதம் குறையும். விருந்துக்குக் கூப்பிட்டால் சாக்கு சொல்லத் தோன்றும். மெல்ல நேரமாகும் என்பதால் அலுவலகத்தில் தனியாகச் சாப்பிடத் தொடங்குவார்கள்.

அடுத்தது பேச்சு. ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், கால்சென்டர் ஊழியர்கள், பாடகர்கள் போன்றோருக்கு வாய்தான் பிழைப்பு. மதியத்துக்கு மேல் தாடை கனத்துப்போகிறது, குரலைச் சுருக்கிக்கொள்கிறார்கள். இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் கன்னம் அழுந்துகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. வலி கூடினால் அடுத்த இரவும் கெடுகிறது. மாதக்கணக்கில் இப்படிப் போனால், முதல் காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் சின்னத் தொடுதலையும் வலியாகவே உணரப் பழகிவிடுகிறது.

வெளியே வீக்கம் தெரியாது, கட்டு இருக்காது. “நல்லாத்தானே இருக்கே” என்று வீட்டில் சொல்வார்கள். ஸ்கேன் நார்மல் என்றதும் “எல்லாம் மனசுதான்” என்று முடித்துவிடுவார்கள். மன அழுத்தம் வலியைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அதைக் காரணம் காட்டி வலியே பொய் என்று சொல்வது கொடுமை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நிர்வாகக் கோளாறு இருக்கிறது. தாடை மூட்டு யாருடையது? எலும்பு மருத்துவர் பல் டாக்டரிடம் அனுப்புகிறார். பல் டாக்டர் இ.என்.டி.யிடம் அனுப்புகிறார். அவர் நரம்பியலுக்கு அனுப்புகிறார். அமெரிக்கத் தேசிய அகாதமிகள் 2020-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை இதையே மையக் குறையாகச் சொன்னது. மருத்துவமும் பல் மருத்துவமும் தனித்தனிச் சுவர்களுக்குள் இருப்பதால் நோயாளி நடுவில் விழுகிறார் என்றது. அங்கே இந்தத் தொந்தரவு 5 முதல் 12 சதவீதம் பேருக்கு உண்டு என்பது அரசு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதே சுவர் இங்கேயும் இருக்கிறது. நம் மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் விபத்தைத் தவிரப் பல் சிகிச்சைக்கு இடமில்லை. தாடை மூட்டு எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டே நோயாளி களைத்துப்போகிறார்.

எதற்குப் பலன் உண்டு?

2023 டிசம்பரில் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கானது அது. 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்து 59 வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும்.

உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை எல்லாம் கத்தியில்லாதவை. நோயைப் பற்றிய விளக்கமும் ஆறுதலும், வீட்டில் செய்யும் தாடைப் பயிற்சி, ஃபிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடைக்கும் கழுத்து நிமிர்வுக்குமான பயிற்சிகள், தாடையைக் கையால் மெல்ல அசைத்து விடுவது, தசை முடிச்சுகளை விரலால் அழுத்தித் தளர்த்துவது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை. கூடாது என்று உறுதியாகச் சொன்னவை மூன்று: கடியை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளின்ட் (பற்களின் மேல் மாட்டும் கவசம்), நார்த்தட்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை, வலி மாத்திரையோடு ஓபியாய்ட் (அபின் வகை) மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது.

நடுவில் உள்ளவை பற்றித்தான் குழப்பம் அதிகம். கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட், போடாக்ஸ், லேசர், மூட்டுக்குள் ஸ்டீராய்டு அல்லது ஹைலுரானிக் ஊசி ஆகியவற்றை நாள்பட்ட வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்பதே அந்தக் குழுவின் சாய்வு. இரவில் பல் கடிப்பவர்களின் பற்கள் தேயாமல் காக்க ஸ்பிளின்ட் உதவும். ஆனால் பல் கடிப்பை அது நிறுத்துவதில்லை. போட்டுக்கொள்வதானால் எல்லாப் பற்களையும் மூடுவதாக, இரவுக்கு மட்டுமானதாக, அவ்வப்போது டாக்டர் சரிபார்ப்பதாக இருக்க வேண்டும். முன்பற்களில் மட்டும் மாட்டுவதை நாளெல்லாம் போட்டிருந்தால் பின்பற்கள் மேலெழுந்து கடியே மாறிவிடும்.

மாட்டிக்கொண்டு திறக்காத மூட்டுக்கு அடுத்த படி உண்டு. இரண்டு ஊசிகளைச் செலுத்தி உப்புநீர்க் கரைசலால் மூட்டைக் கழுவும் முறையை 1991-ல் விவரித்தார்கள். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். மிக நுண்ணிய குழாய் வழியே மூட்டுக்குள் பார்க்கும் முறையை அதற்கு முன்பே, 1975-ல், ஜப்பானின் மசதோஷி ஓனிஷி தொடங்கிவைத்தார். செயற்கை மூட்டு மாற்றும் வசதியும் இன்று இருக்கிறது. அது மூட்டே அழிந்துபோனவர்களுக்கும் எலும்பு ஒட்டிப்போனவர்களுக்கும் உரியது. ‘டக்’ சத்தத்துக்கு அல்ல.

பெட்டிச் செய்தி: வீட்டில் செய்ய வேண்டியவை

• உதடு மூடியிருக்கட்டும், பல் தொடாமல் இருக்கட்டும். ‘ன்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி மேலே எங்கே படுகிறதோ, அங்கேயே நாக்கை வையுங்கள். தாடை தானாகத் தளரும்.
• கம்ப்யூட்டர் ஓரத்தில், சமையலறைச் சுவரில், வண்டியின் மீட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பாருங்கள்.
• வலி தீவிரமாக இருக்கும் நாட்களில் மென்மையான உணவு, சின்னச் சின்ன வாய். வலி குறையக் குறைய வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். தாடைக்கு முழு ஓய்வும் கெடுதல்தான்.
• சூயிங்கம், நகம் கடிப்பது, பேனா கடிப்பது, கன்னத்தில் கை ஊன்றுவது எல்லாவற்றையும் விடுங்கள்.
• கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் வெந்நீர் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம். சூட்டைப் புறங்கையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.
• நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு முறை. ஒரு நாளில் பல வேளை.
• கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குங்கள்.
• பல் டாக்டரிடம் நெடுநேர சிகிச்சை இருந்தால் நடுநடுவே வாயை மூடி ஓய்வெடுக்க அனுமதி கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத தாடைகள்

பொறுமை என்று இவ்வளவு சொன்ன பிறகு, பொறுமை ஆபத்தாகும் இடங்களையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

முதலிடம் குழந்தைகளுக்கு. படிக்கட்டிலோ ஊஞ்சலிலோ மோவாய் அடிபட விழும் குழந்தைக்குத் தோலில் இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மோவாயில் விழுந்த அடி மேலே போய்க் காதோரத்து எலும்புத் தலையை உடைத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல், வாயையும் அசைக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகும். சீழ் வடியும் காதைக் கவனிக்காமல் விட்டாலும் சில குழந்தைகளுக்கு இது நேர்கிறது. கீழ்த்தாடை வளர்வதற்கு அந்தப் பகுதி முக்கியம். அது ஒட்டிவிட்டால் மோவாய் உள்ளடங்கிப்போகும், முகம் ஒரு பக்கமாகக் கோணும், பல் துலக்க முடியாமல் சொத்தை விழும், தூக்கத்தில் மூச்சு தடைப்படும். ஒரு விரல்கூட நுழையாத வாயோடு வளரும் பிள்ளைகள் நம் மருத்துவமனைகளுக்கு இன்னும் வருகிறார்கள். ஒட்டிய எலும்பை வெட்டி, தேவைப்பட்டால் விலா எலும்பின் குருத்தை வைத்து மூட்டை மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் வலியோடு வலியாக மாதக்கணக்கில் வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும். விழுந்த அன்றே ஒரு படம் எடுத்துப் பார்த்து, சரியான நேரத்தில் வாயை அசைக்க வைத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். மோவாயில் அடிபட்ட குழந்தை என்றால், தையல் போட்டவரிடமே “தாடை மூட்டைப் பார்த்தீங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பாக்கு. வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கிறது என்றால் அது தாடை மூட்டுப் பிரச்னையே அல்ல. பாக்கும் குட்காவும் உண்டாக்கும் நார்த்திசு இறுக்கம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த இறுக்கம் உள்ளவர்களை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றுநோயாக மாறியது. கல்லூரி வயதுப் பையன் வாயை முழுசாகத் திறக்காமல் சாப்பிடுகிறான் என்றால், திட்டுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆரம்பத்தில் நிறுத்தினால் இறுக்கம் முற்றாமல் தடுக்கலாம். சுருங்கிய வாய் பழைய அளவுக்குத் திரும்புவது கடினம்.

மூன்றாவது, கொட்டாவி விட்டதும் திறந்த வாய் மூடாமல் நின்றுவிடுவது. ‘தாடை இறங்கிடுச்சு’ என்பார்களே, அது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் கட்டை விரல்களை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளும் முறையைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றும் அதே அடிப்படைதான். பழகாதவர்கள் முயன்றால் தசை இறுகும், விரல் கடிபடும். அவசரப் பிரிவுக்குப் போனால் சில நிமிட வேலை.

பெட்டிச் செய்தி: உடனே மருத்துவமனைக்கு

• தாடை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல்: மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.
• ஐம்பது வயதுக்கு மேல், உணவை மெல்லும்போது வலி கூடி, மெல்வதை நிறுத்தினால் குறைவது, புதிய தலைவலி, நெற்றிப்பொட்டு தொட்டால் வலி, பார்வை மங்கல்: ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போகும்.
• காயத்துக்குப் பின் தாடை இறுகி, உடம்பும் விறைத்தல்: ரணஜன்னியாக இருக்கலாம்.
• காய்ச்சல், முக வீக்கம், விழுங்க முடியாமை: பல்லிலிருந்து பரவும் சீழ்த்தொற்றாக இருக்கலாம்.
• வாயில் ஆறாத புண், கட்டி, உதட்டில் மரத்துப்போதல், காரணமில்லாமல் எடை குறைதல்: ஒத்திப்போடாதீர்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் மருத்துவத் துறையும், வாய்-முக-தாடை அறுவை சிகிச்சைத் துறையும் இருக்கின்றன. தாடை மூட்டு வலிக்கு முதலில் போக வேண்டிய இடம் வாய் மருத்துவத் துறை. தமிழ்நாட்டில் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னையில் இருப்பது 1953-ல் தொடங்கியது. தாடைப் பயிற்சி தெரிந்த ஃபிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். “வலி தசையிலிருந்தா, மூட்டிலிருந்தா டாக்டர்?” “இந்தச் சிகிச்சை ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?” “இதை இப்போது செய்யாமல் ஆறு வாரம் பயிற்சி செய்து பார்த்தால் என்ன நஷ்டம்?” நல்ல டாக்டர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். பல்லை ராவவும் பிடுங்கவும் தட்டை வெட்டவும் அவசரம் காட்டுகிறார் என்றால், இன்னொருவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிக்காதது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் மருத்துவரும் ஃபிசியோதெரபிஸ்டும் ஒரே வளாகத்தில் வேலை பார்க்கிறார்கள். தாடை வலி என்று வரும் நோயாளியை இருவரும் சேர்ந்து பார்க்க வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். மோவாயில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தாடை மூட்டுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாம். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து சீட்டில் எழுத ஒரு சின்ன ஸ்கேல் போதும். காப்பீட்டு நிறுவனங்கள் தாடை மூட்டை மற்ற மூட்டுகளோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முழங்காலுக்குத் தருவதை முகத்தில் இருக்கும் மூட்டுக்கு மறுப்பதில் நியாயம் எதுவும் இல்லை.